இறங்கச் சொன்னவன்

கெப்டன் சுந்தரலிங்கம் மூன்றாவது கடிதத்தை மேசைமேல் போட்டபோது காளிமுத்து மீன் வைத்த ஒரு மாலு பாணைப் பாதி கடித்திருந்தான். மீதிப் பாதியை அவன் அன்று தொடவேயில்லை.

"நாளும் குறிச்சிட்டான், பிள்ளை," என்றார் கெப்டன். "பதினாலாம் திகதியாம். இண்டைக்குப் பன்னிரண்டு."

இராஜகுமாரி கடிதத்தைக் கையில் எடுக்காமல் குனிந்து படித்தாள். பதினெட்டு வருடம் ஒரு இன்சூரன்ஸ் கந்தோரில் உட்கார்ந்து, எரியாத கடைக்கும் சாகாத மாட்டுக்கும் நட்டஈடு கேட்டு வந்தவர்களைப் பிடித்துக் கொடுத்தவள். கந்தோர் அவளை விரட்டியதா, அவள் கந்தோரை விரட்டினாளா என்பதில் கண்டியில் இரண்டு கருத்து உண்டு. இப்போது மார்க்கட்டுக்கு எதிரே புடைவைக் கடை மாடியில் ஒரு மேசை, மூன்று கதிரை, பூட்டாத ஓர் அலுமாரி, ஒரு காளிமுத்து. இவ்வளவும் சேர்ந்ததுதான் அவளுடைய துப்பறியும் நிலையம்.

கடிதம் ஆங்கிலத்தில் டைப் அடிக்கப்பட்டிருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'மூவாயிரம் அடிக்கு விரைவாக இறங்கு. வேகத்தை நூற்றெண்பதாகக் குறை. பதினான்காம் திகதி உனக்குக் கடைசித் தரையிறக்கம். சந்தனா ஏழு-நாலு.'

முதல் இரண்டு கடிதங்களிலும் இதே வாசகம்தான். திகதி மட்டும் புதிது. மூன்று உறைகளிலும் நாவலப்பிட்டி தபால் முத்திரை குத்தியிருந்தது.

சந்தனா ஏழு-நாலு என்பது ஒரு விமானத்தின் பெயர். ஒன்பது வருடத்துக்கு முன், 1994-இல், வளைகுடாவில் வீட்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த வாடகை விமானம். எண்ணெய் நிரப்ப வழியில் ஒரு வெளிநாட்டு நகரத்தில் இறங்கப் போய், ஓடுபாதையின் முடிவையும் தாண்டி ஓடிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. முப்பத்தெட்டு உயிர். அதில் பதினொரு பேர் பன்வில தோட்டத்துப் பெண்கள். அந்தப் பதினொருவரில் ஒருத்தி வேலாயி, காளிமுத்துவின் தங்கை. வயது இருபத்துமூன்று.

விமானத்தை ஓட்டி வந்தவர் இந்தச் சுந்தரலிங்கம். முன்பக்கம் எரியாததால் கால் மட்டும் முறிந்து பிழைத்தார்; பக்கத்தில் இருந்த கோ-பைலட் பிழைக்கவில்லை. விசாரணையில், அளவுக்கு மீறிய வேகத்தில் இறக்கினார் என்று பழியெல்லாம் அவர் தலையில் விழுந்தது. லைசன்ஸ் போயிற்று. மனைவி பிரிந்து போனாள். ஹந்தானையில் தனிவீட்டில் ஒன்பது வருடமாக நொண்டிக்கொண்டிருக்கிறார்.

"எழுதினவன் தியாகராஜாதான்," என்றார். "அண்டைக்கு அந்த எயார்போட்டிலை கொன்ட்ரோல் டவரிலை இருந்தவன். எங்கட நாட்டுக்காரன்தான், ஒப்பந்தத்திலை அங்கை வேலைக்குப் போனவன். அவன்தான் எங்களை இறங்கச் சொன்னவன். என்னையும் முடிச்சுப்போட்டா உண்மை தெரிஞ்ச ஆள் ஒருத்தருமில்லை எண்டு நினைக்கிறான்."

"எனக்கு ஒரு விசயம் இன்னும் விளங்கல, சேர்," என்றாள் இராஜகுமாரி. "இறங்கச் சொல்றது டவரோட வேலைதானே. அதுல என்ன குற்றம்?"

"அவன் எங்களை மேலையே வைச்சிருந்தான், பிள்ளை. பன்னிரண்டாயிரம் அடியிலை, வேகத்தைக் குறைக்காமல் வா, வா எண்டான். எயார்போட் கிட்ட வந்தாப்பிறகு திடீரெண்டு, விரைவா இறங்கு, வேகத்தையும் குறை எண்டான். பெரிய விமானம் மூக்கைக் கவிழ்த்தா வேகம் ஏறும். வேகத்தைக் குறைக்க வேணுமெண்டா மூக்கை நிமிர்த்த வேணும். ரெண்டிலை ஒண்டைக் கேள், செய்யிறன். ரெண்டையும் ஒரே நேரத்திலை கேட்டா?"

"கடுகண்ணாவ இறக்கத்துல பிரேக்கையும் மிதிக்காத, மெதுவாவும் போன்னு சொல்ற மாதிரி," என்றான் காளிமுத்து. பன்வில பஸ்ஸில் பத்து வருடம் கொண்டக்டராக இருந்தவன் அவன். உலகத்தில் எதைச் சொன்னாலும் அதை ஒரு பஸ்ஸில் ஏற்றித்தான் விளங்கிக்கொள்வான். "எங்க டிரைவரா இருந்தா அவனோட அம்மா வரைக்கும் விசாரிச்சிருப்பாரு."

"விமானிக்கு ஒரு உரிமை இருக்கு, தம்பி. செய்யேலாததைச் சொன்னா 'முடியாது' எண்டு சொல்லலாம். ஒரே சொல். நான் மூண்டு தரம் சொன்னன். விசாரணையிலை எங்கட பேச்சுப் பதிஞ்ச டேப்பைக் கேட்டா, மெசின் பழுது, பதியேல்லை எண்டிட்டினம்." கெப்டன் மேசையில் ஓங்கித் தட்டினார். "முடியாது எண்டு சொன்னவனைக் கொலைகாரனாக்கிப் போட்டு அவன் பேரை மாத்திக்கொண்டு வாழுறான். உங்கட தங்கச்சிக்கும் சேர்த்துத்தான் கேக்கிறன். அவனைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் இராஜகுமாரியைப் பார்க்கவில்லை. போன கிழமை முதல்முறை வந்தபோதும் அவர் காளிமுத்துவைப் பார்த்துத்தான் பேசினார். அதை அவள் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

*

மறுநாள் காலை கூட்ஸ்செட் பஸ் நிலையத்தில் நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறியதிலிருந்து காளிமுத்து ஒரு பகிடியும் விடவில்லை. கம்பளை தாண்டியதும் இராஜகுமாரிக்கே பொறுக்கவில்லை.

"என்ன காளி, வாய்க்கு லீவா?"

"யோசிக்கிறேன் மிஸ். ஆள் கிடைச்சதும் முதல்ல கையை ஒடிக்கிறதா, காலை ஒடிக்கிறதா?"

"நம்ம வேலை ஆளைக் காட்டிக் குடுக்கிறது. ஒடிக்கிறது இல்ல."

"அது உங்க வேலை மிஸ். எனக்கு இது ஓவர்டைம்."

நாவலப்பிட்டியில் இறங்கி, கெப்டன் கொடுத்த தியாகராஜாவின் பழைய படத்தை நாலு கடையில் காட்டினார்கள். யாருக்கும் தெரியவில்லை. ஒன்பது வருடத்துப் படம். தாடி வைத்தால் எந்த முகமும் வேறு முகம்தான்.

"முகத்தை விடுங்க," என்றாள் இராஜகுமாரி. "முகத்தை மாத்திரலாம், பேரை மாத்திரலாம். வேலையில வந்த பழக்கத்தை மாத்துறதுதான் கஷ்டம். பஸ்ஸை விட்டு அஞ்சு வருஷமாச்சு, இன்னும் நீங்க படியில யாராவது நின்னா 'முன்னுக்குப் போங்க'ன்னுதானே கத்துறீங்க? கோயில்லயும் கத்தினீங்க."

"சாமியே கொஞ்சம் முன்னுக்குப் போன மாதிரி இருந்துச்சு மிஸ்."

"டவர்ல வேலை செய்றவங்களுக்கு என்ன பழக்கம்னு நேத்துக் கெப்டன்கிட்டக் கேட்டேன். உலகத்துல எந்த ஊர்ல இருந்தாலும் அவங்களுக்கு நேரம் ஒன்னுதானாம். கிரீனிச் நேரம். ஏழு வருஷத்துக்கு முந்தி நம்ம நாட்டு மணிக்கூட்டை மாத்தினாங்களே, அந்தக் கணக்குல நமக்கு ஆறு மணித்தியாலம் பின்னுக்கு. தியாகராஜா வீட்டுலயும் அந்த நேரத்துலதான் மணிக்கூடு வச்சிருப்பாராம்."

அவள் நேரே ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த றிஸ்வியின் தேத்தண்ணிக் கடைக்குள் போய் உட்கார்ந்தாள். இரண்டு பிளேன்டீ சொன்னாள். பிறகு உலகத்தில் எந்தத் துப்பறிவாளரும் கேட்டிருக்காத கேள்வியைக் கேட்டாள்.

"நானா, இந்த ஊர்ல பிழையான நேரம் காட்டுற மணிக்கூடு யார்கிட்ட இருக்கு?"

றிஸ்வி வாய்விட்டுச் சிரித்தார். "ஸ்டேஷன்ல ஈக்கிறதத் தவிரயா?"

"அதைத் தவிர."

"அப்ப அந்த ரேடியோ ரத்தினம்தான். அந்தா, பாலத்துக்கிட்ட கட. ஏழெட்டு வருசமாப் பாக்கிறேன், சுவருல ஒரு மணிக்கூடு, ஒருக்காலும் சரியா ஈந்ததில்ல. பெட்டரிய மாத்துங்கன்னு சொன்னா, அது சரியாத்தான் ஓடுது, நீங்கதான் பிந்தி ஈக்கிறீங்கன்றாரு. நல்ல மனிசன், ஆனா கொஞ்சம் இது." றிஸ்வி நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

பாலத்தருகே 'ரத்தினம் ரேடியோ' என்று பெயர்ப்பலகை. திறந்த கதவு வழியாகச் சுவர் தெரிந்தது. காளிமுத்து தன் கைமணிக்கூட்டைப் பார்த்தான். பத்து நாற்பது. சுவரில் நாலு நாற்பது. செக்கன் முள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அவன் கடைப் பக்கம் ஓர் எட்டு வைத்தான். இராஜகுமாரி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த கடை ஒரு கொமியுனிகேஷன், காசு கொடுத்துப் போன் பேசும் இடம். அங்கிருந்தே கெப்டனுக்குப் பேசினாள். கண்டுபிடித்தால் உடனே சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

"ஆள் இருக்காரு சேர். பாலத்துக்கிட்ட ரேடியோக் கடை. பேரு மட்டும்தான் மாத்தியிருக்காரு."

மறுமுனையில் மேசை லாச்சி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

"கடையிலை வேறை ஆக்கள் இருக்கினமோ?"

"தனியாத்தான் இருக்காரு."

"பின்பக்கம் வாசல் இருக்கோ?"

"இல்ல. பின்னுக்கு ஆறு. பொலிசுக்கு நான் சொல்லவா?"

"வேண்டாம் பிள்ளை, நான் சொல்லிப்போட்டு வாறன். அவன் வெளியிலை போகாமல் பாத்துக்கொள்ளுங்கோ."

ரிசீவரை வைத்தபோது இராஜகுமாரிக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. கண்டியிலிருந்து காரில் வர ஒன்றேகால் மணித்தியாலம் ஆகும்.

*

"தியாகராஜா," என்றாள் அவள், வெளியே முக்கால் மணித்தியாலம் காவல் நின்று பொறுமை இழந்து கடைக்குள் காலை வைத்ததுமே.

சாலிடரிங் கம்பியோடு குனிந்திருந்த தாடிக்காரர் நிமிரவில்லை. கம்பி மட்டும் கையிலிருந்து நழுவி மேசை விரிப்பைச் சுட்டது. அவர் அதை எடுத்து வைத்து, பிளக்கைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பிறகுதான் அவர்களைப் பார்த்தார்.

"வருவீங்கன்னு தெரியும். ஒன்பது வருஷம் பிந்திட்டீங்க."

"பிந்தினாலும் வந்து சேர்ந்துட்டோம்ல," என்றான் காளிமுத்து. கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றான். "நான் வேலாயியோட அண்ணன். பன்வில. இருபத்தாறாம் நம்பர் சீட்."

தியாகராஜாவின் முகம் வெளுத்தது.

மேசையில் மூடி கழற்றிய ஒரு பெரிய ரேடியோ தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் ஒரு குரல் ஏதோ எண்களைச் சொல்லி ஓய்ந்தது. கொஞ்சம் பொறுத்து வேறொரு குரல்.

"என்ன அது?" என்றாள் இராஜகுமாரி.

"மேல போற விமானங்கள். மலை மறைக்கிறதால டவர் பேசுறது இங்க கேக்காது. பைலட்மார் பேசுறது மட்டும் கேக்கும். எனக்கு அது இல்லாம இருக்க ஏலாது."

ஒரு மனிதனுக்கு அவன் செய்த பாவமே பொழுதுபோக்காகவும் இருக்கலாம் போலிருக்கிறது. இராஜகுமாரி கொஞ்ச நேரம் காது கொடுத்தாள். மூன்று விமானங்கள் பேசின. மூன்றும் சொல்லி வைத்தாற்போல் ஒரே மாதிரிப் பேச்சை முடித்தன. உயரம், வேகம், கடைசியில் தங்கள் பெயர்.

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"எல்லாரும் பேரைக் கடைசிலதான் சொல்றாங்க."

"அதுதான் முறை. டவர் ஒரு கட்டளை சொன்னா பைலட் அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். சொல்லி முடிச்சு, கடைசியில தன் பேரைச் சொல்லணும். சரியாக் கேட்டிருக்கார்னு நாங்க அதை வச்சுத்தான் உறுதி பண்ணுவோம்."

"நீங்க கட்டளை சொல்லும்போது?"

"பேர்தானே முதல்ல. யாரைக் கூப்பிடுறேன்னு தெரியாம எல்லா விமானமும் இறங்கிட்டா? இருபது வருஷத்துல ஒருநாளும் நான் பேரைக் கடைசில சொன்னதில்ல. கனவுலயும் வராது."

இராஜகுமாரி கைப்பையைத் திறந்து மூன்று கடிதங்களையும் அவர் முன்னால் விரித்தாள். "அப்ப இதை நீங்க எழுதலை."

அவர் படித்தார். உதடு அசைந்தது. "இது... இது கட்டளை இல்லையே. பைலட் திருப்பிச் சொல்ற மாதிரில்ல இருக்கு. இதை எழுதினவன் வாழ்நாள் முழுக்கக் கொக்பிட்ல இருந்தவன்."

"எழுதினவர் ஒரு மணித்தியாலத்துக்கு முந்தி என்கிட்டப் பின்வாசல் இருக்கான்னு கேட்டார்," என்றாள் அவள். தன்மேலேயே அவளுக்கு அப்படியொரு கோபம் வந்தது. "உயிருக்குப் பயந்தவன் பொலிசைக் கேப்பான். பின்வாசலைக் கேக்கிறவன் வேட்டைக்காரன். நீங்க இந்த ஊர்ப் பக்கம்தான் இருக்கீங்கன்னு எப்படியோ தெரிஞ்சுதான் கடிதத்தை இங்கயே தபால்ல போட்டிருக்கார், ஆனா அவரே வந்து தேடினா நீங்க ஓடி ஒளிஞ்சிருவீங்க. அதனால தேட எங்களை அனுப்பினார். முன்கூட்டியே தனக்குத்தானே மிரட்டல் கடிதம் மூணு எழுதிக்கிட்டார். நாளைக்கு நீதிமன்றத்துல, என்னைக் கொல்ல நாள் குறிச்சவனைத் தற்காப்புக்குச் சுட்டேன்னு சொல்லலாம். அதுக்குச் சாட்சி சொல்லக் கண்டியில பேர்போன ஒரு முட்டாள் துப்பறிவாளர். நான்தான்."

தியாகராஜா எழுந்தார்.

"காளி, கதவைத் திறங்க. இவரை முதல் பஸ்ல ஏத்திடுவோம்."

காளிமுத்து அசையவில்லை.

"காளி!"

"கேட்டுச்சு மிஸ். கெப்டன் வரட்டும்."

"அவர் சுட வர்றார்."

"எனக்கும் தமிழ் விளங்கும். சுடட்டுமே." அவன் குரல் வழக்கம்போல இலேசாகத்தான் இருந்தது. கண் அப்படி இல்லை. "பெட்டிய மூடி ஆணி அடிச்சு அனுப்பினாங்க மிஸ். திறக்கக் கூடாதுன்னாங்க. எங்கம்மா மூடியைத் தடவித் தடவி, இது அவ தலைப்பக்கமா கால்பக்கமான்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியல. அன்னிக்கு இருந்து நான் பகிடி விடுறேன். இல்லாட்டி எவனையாவது அடிச்சிருப்பேன். இவன் இங்க உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டிருக்கான்."

அவள் கதவுத் தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையை மெதுவாக விலக்கினான். ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவன் அவள் பேச்சை மீறினான்.

"ஏன் அப்படி இறங்கச் சொன்னீங்க?" என்றாள் அவள் தியாகராஜாவிடம்.

"அந்த நாட்டுப் பெரிய குடும்பத்துச் சொந்த விமானம் ஒன்னு குறுக்கால வந்துச்சு. அதை முதல்ல இறக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சந்தனாவை மேலேயே பிடிச்சு வச்சேன். அது போனதும் இடைவெளி கொஞ்சம்தான் இருந்துச்சு. அதுக்குள்ள இவங்களை நுழைச்சிரலாம்னு பார்த்தேன். பிழைதான். என் பிழைதான். விசாரணைக்கு முதல்நாள், மெசின் பழுதுன்னு சொல், இல்லாட்டி ஊருக்குப் போய்ச் சேர மாட்டாய்னாங்க. சொல்லிட்டு வந்துட்டேன்." அவர் மேசை லாச்சியைத் திறந்தார். "ஆனா அழிக்க முந்தி ஒரு கொப்பி எடுத்தேன். இது அது."

ஒரு கெசட். லேபலில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வெளியே ஒரு கார் வந்து நின்றது.

*

காளிமுத்துதான் கதவைத் திறந்துவிட்டான். கெப்டன் சுந்தரலிங்கம் நொண்டிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ரிவோல்வர். முகத்தில் ஒன்பது வருடத்துப் பசி.

"பொலிசுக்குச் சொல்லிட்டு வாறேன்னீங்களே சேர்," என்றாள் இராஜகுமாரி. அவள் தியாகராஜாவுக்கும் ரிவோல்வருக்கும் நடுவே நின்றாள். "கடிதம் மூணும் நீங்க அடிச்சதுன்னு தெரிஞ்சுபோச்சு. இப்ப சுட்டா தற்காப்பு இல்ல, கொலை. ரெண்டு சாட்சி இருக்கோம்."

"ஒரு சாட்சிதான்," என்றார் கெப்டன். "மற்றவர் என்ர பக்கம். என்ன தம்பி?"

காளிமுத்து கதவை மறுபடி சாத்தினான். மறுக்கவில்லை. இராஜகுமாரி தியாகராஜாவை இன்னும் ஒட்டி நின்றாள்.

"விலகுங்கோ பிள்ளை. இந்த நாய்க்காக நீங்கள் சாக வேண்டாம். முடியாது எண்டு மூண்டு தரம் சொன்னனான்! பச்சைப் பொய்யைச் சொல்லி என்ர வாழ்க்கையைத் திண்டவன்."

"அப்ப அதைக் கேப்போமே," என்றாள் அவள். "டேப் இருக்கு. உங்களை யாரும் நம்பலைன்னுதானே இந்தக் கோபம்? நாங்க ரெண்டு பேரும் கேக்கிறோம். கேட்ட பிறகு நான் விலகுறேன்."

கெப்டனின் கண்கள் கெசட்டில் நிலைத்தன. ஒன்பது வருடமாக அவர் கேட்டு அழுத பொருள் அது. "போடு," என்றார். ரிவோல்வர் இறங்கவில்லை.

தியாகராஜா கெசட்டை ரெக்கோடரில் போட்டார்.

இரைச்சல். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தியாகராஜாவின் குரல், ஆங்கிலத்தில், வேகமாக: சந்தனா ஏழு-நாலு, மூவாயிரம் அடிக்கு விரைவாக இறங்கு, வேகத்தை நூற்றெண்பதாகக் குறை.

உடனே கெப்டனின் குரல்: இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது, சந்தனா ஏழு-நாலு.

"கேட்டியளோ?" கெப்டன் கத்தினார். அவர் கண்ணில் நீர் பொங்கியது. "கேட்டியளோ? ஒண்டு!"

டேப்பில் தியாகராஜா மறுபடி: சந்தனா ஏழு-நாலு, முடியாவிட்டால் விலகிப் போய் வரிசையில் கடைசியாக வா. நாற்பது நிமிடம் ஆகும்.

இரைச்சல். நீண்ட இரைச்சல். இரண்டாவது 'முடியாது'க்காகக் கெப்டன் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். காளிமுத்துவும் காத்திருந்தான்.

பிறகு அதே குரல். நிதானமாக, தெளிவாக, கொஞ்சம் பெருமையோடுகூட: சரி, நாங்கள் செய்துவிடுவோம். மூவாயிரத்துக்கு இறங்குகிறோம், வேகம் நூற்றெண்பது, சந்தனா ஏழு-நாலு.

அதற்குப் பிறகு டேப்பில் அந்தக் குரல் வரவில்லை.

"அது... கோ-பைலட்," என்றார் கெப்டன். ஆனால் அந்தக் குரலைத்தான் ஒரு கிழமையாக இராஜகுமாரியும் காளிமுத்துவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எரிபொருள் குறைவா இருந்துச்சா?" என்றாள் இராஜகுமாரி.

"இல்லை." அவர் சுவரில் சாய்ந்தார். "நாற்பது நிமிசம் வானத்திலை சுத்திக்கொண்டு நிக்க எண்ணெய் இருந்தது. ஆனா... மற்றவை எல்லாரும் இறங்குகினம். எனக்கு மட்டும் ஏலாதெண்டு சொன்னா... இருபத்தாறு வருசம் விமானம் ஓட்டினவன் நான், பிள்ளை. நான் மூண்டு தரம் சொன்னனான். எனக்கு நல்லா ஞாபகம். ஒவ்வொரு இரவும் மூண்டு தரம் சொன்னனான்."

ரிவோல்வர் முனை மெல்லத் திரும்பியது. அவருடைய நெற்றிப் பக்கம்.

காளிமுத்து ஒரே எட்டில் போய் அவர் மணிக்கட்டை முறுக்கி அதைப் பிடுங்கினான். குண்டுகளை உதறி எடுத்து, ஜன்னலைத் திறந்து ஆற்றில் வீசினான். ரிவோல்வரை இராஜகுமாரியிடம் நீட்டினான்.

"காளி..." என்றாள் அவள் நிம்மதியோடு.

"இருங்க மிஸ். நான் மன்னிக்கிற ஆள் இல்ல." அவன் கெசட்டை ரெக்கோடரிலிருந்து எடுக்கவில்லை. ரெக்கோடரையே வயரோடு தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டான். "கெப்டன், வண்டில பெற்றோல் இருக்கா?"

"எ... என்னத்துக்கு?"

"பன்விலக்குப் போறோம். நீங்கதான் ஓட்டணும். இவர் உங்க பக்கத்து சீட்டு. பதினொரு வீடு இருக்கு. ஒவ்வொரு வீட்டுலயும் இதைப் போடணும். போடும்போது நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கணும். உக்காரக் கூடாது."

"தம்பி, வேண்டாம்." கெப்டன் அவன் கையைப் பிடித்தார். சற்று முன் ஒரு மனிதனைச் சுட வந்த கை. "என்னைப் பொலிசிலை குடுங்கோ. கொலை செய்ய வந்தனான் எண்டு எழுதித் தாறன். அந்தத் தாய்மாரின்ர முகத்திலை முழிக்கச் சொல்லாதேங்கோ."

"பொலிசுக்குப் பிறகு போவோம். அவங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க."

தியாகராஜா கதிரையில் இடிந்து உட்கார்ந்தார். "அவங்க எங்களை அடிச்சே கொன்னுருவாங்க."

"அடிச்சா வாங்கிக்கங்க. கொல்ல விடமாட்டேன். செத்தா உங்களுக்கு என்ன கஷ்டம்? ஒரு செக்கன்ல முடிஞ்சிரும்."

இராஜகுமாரி தடுத்திருக்க வேண்டும். சட்டம் படித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவள் முன்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். தடுக்க அவளுக்கு மனம் வரவில்லை, அதற்காக வெட்கமும் வரவில்லை.

மழை தூறத் தொடங்கியிருந்தது. கெப்டன் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் தியாகராஜா. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பின்சீட்டில் இராஜகுமாரிக்குப் பக்கத்தில் காளிமுத்து, மடியில் ரெக்கோடர்.

"முதல்ல எங்க வீடு," என்றான் அவன். "ஆனா ஒன்னு. இதுல இருக்கிறது எல்லாம் இங்கிலீசு. எங்கம்மாவுக்கு ஒரு சொல்லு விளங்காது. அதனால நிறுத்தி நிறுத்திப் போடுவேன். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும், நீங்க சொன்னதை நீங்க தமிழ்ல சொல்லணும், அவர் சொன்னதை அவர் சொல்லணும். அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லணும். விளங்கலைன்னா அம்மா திருப்பிக் கேக்கும். எத்தனை தடவை கேட்டாலும் சொல்லணும்."

கெப்டன் சாவியைத் துவாரத்தில் நுழைத்தார்; திருகவில்லை. காளிமுத்து சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு அவசரமில்லை.